சாரையா, விரியனா

பண்ணைக்காட்டிலிருந்து மதுரைக்கு இறங்கிய அன்றைக்கு அப்பா நான்கு இடங்களில் காரை நிறுத்தச் சொன்னார். ஊத்து என்கிற ஊர் வந்து கொடைக்கானல் சாலையைத் தொடுவதற்குள் ஒரு தடவை. டம்டம் பாறையில் ஒரு தடவை. எதிரே எலிவால் அருவி வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்து நின்றார்கள். அப்பா அதற்கு முதுகு காட்டி, சாலையின் இந்தப் பக்கம் மரத்தடி தேடிப் போனார். காமக்காபட்டி செக்போஸ்ட்டுக்குக் கீழே ஒரு தடவை. வத்தலக்குண்டில் என் வீட்டில் ஒரு தடவை. போனால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் வருவார். வந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "போலாம் மாப்ளே" என்று என் கணவரிடம் சொல்வார். என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அப்பாவுக்கு 71 வயது. ஒரு வருடமாக இந்தச் சிறுநீர்த் தொந்தரவு இருந்திருக்கிறது. ராத்திரி ஐந்தாறு முறை எழுந்திருக்கிறார். பஸ் ஏற வேண்டிய நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் காப்பித் தோட்டத்தில் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ளே, ஒரு சங்கதி" என்று சொல்லியிருக்கிறார். மகளிடம் சொல்லக் கூச்சம். நம் ஊர்களில் எத்தனை பெரியவர்கள் இப்படி வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வத்தலக்குண்டில் ரத்தம் கொடுத்தோம். பி.எஸ்.ஏ. 8.7 என்று வந்தது. புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. பொதுவாக 4க்கு மேல் போனால் கவனிக்கச் சொல்வார்கள். ஆனால் புற்றுநோய் இருந்தால்தான் ஏறும் என்றில்லை. வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் ஏறும், கிருமித் தொற்று வந்தாலும் ஏறும். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நாங்கள் போன இடத்தில் அந்தத் தாளைப் பார்த்தவுடன், "கேன்சராத்தான் இருக்கும், நாளைக்கே வந்து சதை எடுத்துருங்க" என்றார்கள். எடுத்த பிறகு என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

சாப்பிடாததற்குக் காரணம் இருந்தது. பெரியப்பா இதே நோயில்தான் போனார். இடுப்பு வலி, முதுகு வலி என்று ஒன்றரை வருடம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தோட்ட வேலை செய்கிறவருக்கு முதுகு வலிப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஒருநாள் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் படம் எடுத்தார்கள். முதுகெலும்பு வரைக்கும் பரவியிருந்தது. அதனால் எங்கள் வீட்டில் புராஸ்டேட் கேன்சர் என்றால் பெரியப்பாவின் கடைசி எட்டு மாதங்கள்தான். வேறு மாதிரியும் அது இருக்க முடியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சரி, இன்னொருவரிடம் கேட்போம் என்று மதுரையில் ஒரு சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் பேசிய முதல் வாக்கியத்திலேயே எனக்கு மூச்சு வந்தது. "இருக்கா இல்லையாங்கிறது பாதிக் கேள்விதான்மா. இருந்தா அது எந்த ரகம்ங்கிறதுதான் முழுக் கேள்வி. ஊசி போட்டுச் சதை எடுக்கிறதுக்கு முன்னாடி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துரலாம்." வயதான ஆண்கள் பலருக்கு இந்தச் சுரப்பியில் புற்றணுக்கள் இருக்கும், அவர்கள் அது தெரியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் இறப்பார்கள் என்றார். அதே பெயருடைய நோய்தான் சிலருக்கு எலும்புக்குப் போகிறது.

அப்பா அதை உடனே பிடித்துக்கொண்டார். "சாரையா விரியனான்னு பாத்துட்டு அடிக்கணும்ங்கிறாரு" என்றார். எங்கள் தோட்டத்தில் சாரைப்பாம்பை அடிக்க விட மாட்டார். எலியைத் தின்கிற பாம்பு, அது பாட்டுக்குப் போகட்டும் என்பார். விரியன் என்றால் வேலையாட்களை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பார். பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் கம்பைத் தூக்குகிறவர்கள்மேல் அவருக்கு எப்போதுமே கோபம் உண்டு.

எம்.ஆர்.ஐ.யை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? ஊசி குத்திய இடங்களில் ரத்தம் கசிந்து நிற்கும். அதற்குப் பிறகு படம் எடுத்தால் எது ரத்தம், எது கட்டி என்று குழப்பும். குறைந்தது ஆறு வாரமாவது காத்திருக்க வேண்டிவரும். இன்னொன்று, படம் இல்லாமல் போடும் ஊசி ஏறக்குறையக் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுவதுதான். அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும், கட்டி பெரும்பாலும் சரியாகத் தெரியாது. அதனால் சுரப்பி முழுக்கப் பரவலாகப் பன்னிரண்டு இடத்தில் குத்தி எடுப்பார்கள். விரியன் இரண்டு குத்துக்கு நடுவே தப்பிக்கொள்ளலாம், யாருக்கும் தீங்கு செய்யாத சாரை மாட்டிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் நடந்து 2017இல் வெளியான புராமிஸ் ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள், வழக்கமான பயாப்சியும், அதாவது ஊசி குத்திச் சதை எடுக்கும் சோதனையும், செய்தார்கள். எது சரி என்று பார்க்கச் சுரப்பியை ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் சல்லடையாகத் துளைத்தும் எடுத்தார்கள். கவனிக்க வேண்டிய புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைக் காட்டியது. வழக்கமான ஊசி பிடித்தது 48 சதவீதத்தைத்தான். அடுத்த ஆண்டு வந்த பிரிசிஷன் ஆய்வில் 500 பேர். எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறி வைத்துக் குத்தியபோது கவனிக்க வேண்டிய நோய் 38 சதவீதம் பேரிடம் கிடைத்தது, வழக்கமான முறையில் 26 சதவீதம். சும்மா விட வேண்டிய நோய் 22 சதவீதத்திலிருந்து 9ஆக இறங்கியது. எனக்கு இந்தக் கடைசி எண்தான் பெரிதாகப் படுகிறது. தேவையில்லாமல் பயந்து, தேவையில்லாத அறுவையில் சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழக்கும் ஆண்கள் இந்த 22க்கும் 9க்கும் உள்ள வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நாங்கள் எதிர்பாராத ஒரு சிக்கல். உடம்பில் உள்ள உலோகத்தையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். கடிகாரம், மோதிரம் எல்லாம் கொடுத்துவிட்டு அப்பா அப்படியே நின்றார். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. அவருடைய அம்மா கட்டியது. இடையில் ஒரு தடவை நீளம் சேர்த்திருக்கிறார்களே தவிர, இடுப்பை விட்டு இறங்கியதில்லை. "அத மட்டும் விட்ருங்க தம்பி" என்றார். அந்தப் பையன் பொறுமையாகச் சொன்னான்: "ஐயா, படம் எடுக்கிறதே அந்த இடுப்பைத்தான். வெள்ளி இருந்தா அங்க படம் கெட்டுப்போகும். சூடேறித் தோலும் சுடலாம்." ஆண்பிள்ளை இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்று அம்மா வாசலிலேயே கண் கலங்கிவிட்டார். அப்புறம் அவரே வெளியே போய், எதிர்க்கடையில் சிவப்புக் கயிறு வாங்கிவந்து, அப்பாவின் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் கொடியைக் கழற்ற விட்டார். கொடியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். எம்.ஆர்.ஐ.யின் அடிப்படையை வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். உடம்பின் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தப்புலத்தில் வைத்து, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சிக்னலைக் கேட்கிறோம். லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவருக்கும் 2003இல் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் புராஸ்டேட்டுக்கு எடுக்கும் படங்களில் ஒன்று எனக்குப் புதிது. தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்பதையே அது படமாக்குகிறது. டிஃப்யூஷன் படம் என்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. முதலில் ஒரு காந்தத் துடிப்பு, ஒவ்வொரு மூலக்கூறிலும் அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஓர் அடையாளம் வைக்கிறது. சில மில்லிவினாடிகள் கழித்து வரும் இரண்டாவது துடிப்பு அதை அழிக்கிறது. மூலக்கூறு அதே இடத்தில் நின்றிருந்தால் அடையாளம் சரியாக அழிந்து, சிக்னல் முழுதாகத் திரும்பும். நகர்ந்திருந்தால் கணக்கு ஒத்துவராமல் சிக்னல் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து தண்ணீர் எவ்வளவு தாராளமாக நடமாடியது என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் போடலாம். அதற்குப் பெயர் ஏ.டி.சி. வரைபடம். தண்ணீர் நகர இடமில்லாத இடம் அதில் கறுப்பாக விழும்.

ஏன் இடமில்லாமல் போகிறது? தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதாரண நாளில் கைவீசி நடக்கிற அதே தெருவில் அன்றைக்கு ஓரடி வைக்க முடியாது. நல்ல புராஸ்டேட்டில் சின்னச் சின்னக் குழல்கள், நடுவே திரவம் நிறைந்த வெற்றிடம். தண்ணீருக்கு வேண்டிய அளவு இடம் உண்டு. புற்றணுக்கள் பெருகும்போது அந்த வெற்றிடத்தை அடைத்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன.

இங்கேதான் படத்துக்கும் நோயின் மூர்க்கத்துக்கும் தொடர்பு வருகிறது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் முன்னாள் படைவீரர்கள் மருத்துவமனையில் வேலை பார்த்த நோய்க்குறியியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன், 1966இல் ஒரு தர வரிசை சொன்னார். மைக்ராஸ்கோப்பில் புற்றணுக்கள் எந்த வடிவத்தில் அமைந்திருக்கின்றன என்பதை மட்டும் பார்த்தார். குழல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் 3. ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்தால் 4. குழலே இல்லாமல் அணுக்கள் திட்டாகவோ சிதறியோ கிடந்தால் 5. அதிகம் காணப்படும் வடிவம், அடுத்த வடிவம் இரண்டையும் கூட்டி எண் போடுவார்கள். அதனால் 3+4, 4+3 இரண்டும் 7தான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது மெல்ல நடப்பது. இந்தக் குழப்பத்தைப் போக்கத்தான் 2014இல் ஒன்று முதல் ஐந்து வரை தரக் குழுக்களாக மாற்றினார்கள். 3+3 முதல் குழு, 3+4 இரண்டாவது, 4+3 மூன்றாவது.

குழல்கள் அழிய அழிய நடுவே உள்ள வெற்றிடமும் அழிகிறது, தண்ணீர் முடங்குகிறது, ஏ.டி.சி. எண் இறங்குகிறது. ஆகக் கிளீசன் கண்ணாடித் தகட்டில் பார்த்த அதே விஷயத்தைத்தான் இந்தப் படம் சதையை வெட்டாமல் வெளியிலிருந்து தடவிப் பார்க்கிறது. ஏ.டி.சி. குறைவாக இருந்தால் கிளீசன் தரம் கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் ஒரு பெண் மருத்துவர். நாங்கள் கேட்டதும் கணினித் திரையில் படத்தைத் திறந்து காட்டினார். முதலில் சுரப்பியின் அமைப்பைக் காட்டும் டி2 என்ற படம். சுரப்பியின் வெளிவட்டம் வெளுப்பாக, தேங்காய்க் கீற்றுப்போல் வளைந்து தெரிந்தது. நடுப்பகுதி கட்டிகட்டியாக உப்பியிருந்தது. "உங்க அப்பாவை ராத்திரி எழுப்புறது இதுதான். இது வயசான வீக்கம், புற்று இல்லை" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தத் தொந்தரவுக்காக மருத்துவரிடம் போனோமோ அதற்கும் புற்றுக்கும் சம்பந்தமே இல்லை. புற்று பெரும்பாலும் வெளிவட்டத்தில்தான் வரும், ஆரம்பத்தில் சத்தமே போடாது.

பிறகு இடது பக்க வெளிவட்டத்தில், கீழ்நுனியை ஒட்டி, ஒரு சாம்பல் திட்டைக் காட்டினார். ஏ.டி.சி. வரைபடத்துக்கு மாறியதும் அதே இடம் மிளகு ஒன்றை வைத்ததுபோல் கறுத்தது. மவுஸால் அதன்மேல் ஒரு வட்டம் போட்டார். 790 என்று வந்தது. எதிர்ப்பக்கம் அதே அளவு வட்டம் போட்டார், 1,560. திட்டின் நீளம் 11 மில்லிமீட்டர். "பைராட்ஸ் 4 கொடுத்திருக்கேன்" என்றார். ஒன்றிலிருந்து ஐந்து வரை போகும் சந்தேக அளவுகோல் அது. 2012இல் ஐரோப்பாவில் தொடங்கி, இப்போது 2019இல் திருத்திய வடிவம் புழக்கத்தில் இருக்கிறது. வெளிவட்டத்தில் டிஃப்யூஷன் படம் சொல்வதற்குத்தான் முதல் மதிப்பு. நடுப்பகுதியில் டி2 படத்துக்கு. இந்த மாதிரிக் கறுத்த திட்டு ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தாலோ, சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தாலோ 5.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "டாக்டரம்மா, காப்பிச் செடியில தண்டுத் துளைப்பான் உள்ள இருந்தா பட்டையில வரி தூக்கும். அதப் பாத்துதான் பிடுங்குவோம். ஆனா வரி இருந்தும் உள்ள ஒண்ணும் இல்லாத செடி உண்டு. இதுவும் அப்படியா?" அந்த அம்மா நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார். "அப்படியேதான் ஐயா. அதனாலதான் ஊசி வேணும்."

அதுதான் உண்மை. புராமிஸ் ஆய்விலேயே எம்.ஆர்.ஐ. நிறையப் பேருக்குப் பொய் எச்சரிக்கை கொடுத்தது. கவனிக்க வேண்டிய நோய் இல்லாதவர்களில் 41 சதவீதம் பேரைத்தான் அது சரியாக விலக்கியது. பழைய தொற்று, தழும்பு எல்லாம் கறுப்பாக விழும். நம் நாட்டில் காசநோயும் சேர்ந்துகொள்கிறது. புராஸ்டேட்டில் காசநோய் தங்கினால் படத்தில் அச்சு அசலாகப் பெரிய புற்றுபோலவே தெரியும். 790 என்ற எண்ணும் எல்லா இயந்திரத்திலும் 790 அல்ல. காந்தத்தின் வலிமை, படம் எடுக்கும் அமைப்பு, மலக்குடலில் இருக்கும் வாயு, எல்லாமே அதை அசைக்கும். எடுப்பதற்கு முன் கழிப்பறைக்குப் போய்வரச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கணினி இந்தப் படங்களைப் படிப்பது பற்றி நிறையப் பேசுகிறார்கள். நானும் இந்த ஒரு வருடத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதன் வேர் பழையது. 1973இல் ராபர்ட் ஹராலிக்கும் கூட்டாளிகளும் ஒரு படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் சாம்பல் நிறம் எப்படிச் சேர்ந்து வருகிறது என்று எண்ணி, அதிலிருந்து இழைநயத்தை, அதாவது படம் எவ்வளவு சீராக அல்லது சொரசொரப்பாக இருக்கிறது என்பதை, அளக்கும் முறையை வெளியிட்டார்கள். வானிலிருந்து எடுத்த நிலப் படங்களிலும் மணற்பாறையின் மைக்ராஸ்கோப் படங்களிலும் சோதித்துக் காட்டினார்கள். அதே கணக்கு இன்று புராஸ்டேட் படத்தில் ஓடுகிறது. மூர்க்கமான கட்டி உள்ளே ஒரே சீராக இருப்பதில்லை. அந்தத் தாறுமாறைக் கண்ணால் "ஒரு மாதிரி இருக்கு" என்போம், கணினி எண்ணாக எழுதும். அதற்கடுத்து ஆழ்கற்றல் வந்தது. எதை அளக்க வேண்டும் என்றுகூட நாம் சொல்வதில்லை. படத்தையும் விடையையும் கொடுத்தால் தானே கற்றுக்கொள்கிறது.

2024இல் வெளியான பைகாய் ஆய்வு இதில் பெரியது. 9,129 ஆண்களின் 10,207 எம்.ஆர்.ஐ. படங்கள். கற்றுக்கொண்ட கணினியை 62 ரேடியாலஜிஸ்ட்டுகளோடு 400 படங்களில் ஒப்பிட்டார்கள். கவனிக்க வேண்டிய நோய் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் பக்கத்தில் வைத்தால் யாருக்குச் சந்தேகம் அதிகம் என்று சரியாகச் சொல்லும் வாய்ப்பு, கணினிக்கு 0.91, மருத்துவர்களுக்கு 0.86. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு. அனுபவமுள்ள புராஸ்டேட் ரேடியாலஜிஸ்ட் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். அன்றைக்கு அப்பாவால் நான்கு இடத்தில் நிற்காமல் மலை இறங்க முடியவில்லை. படம் ஒரு நொடியில் எங்கும் போகும்.

ஆனாலும் அந்தப் படங்கள் நெதர்லாந்திலும் நார்வேயிலும் எடுத்தவை. அங்கே காசநோய் அபூர்வம். நம் ஊர் ஆண்களின் படங்களில், நம் ஊர் இயந்திரங்களில் சோதிக்காமல் அந்த 0.91ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். கணினிக்கு வாத்தியார் கிளீசன் எண்தான் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 3+4ஆ, 4+3ஆ என்பதில் இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்களே ஒத்துப்போகாத தகடுகள் உண்டு. விடைத்தாளிலேயே பிழை இருந்தால் மாணவர் என்ன செய்வார்? இந்தச் சிரமம் எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஸ்கேன் எடுத்தவர்களிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பிலிமும் ரிப்போர்ட்டும் போதாது, முழுப் படங்களும் உள்ள சி.டி. வேண்டும். இன்னொரு கண்ணோ இன்னொரு கணினியோ பார்க்க அதுதான் பயன்படும்.

பயாப்சி மூன்று வாரம் கழித்து. ரேடியாலஜிஸ்ட் வரைந்த திட்டை அல்ட்ராசவுண்டின் நேரடிப் படத்தின்மேல் பொருத்தி, அந்த இடத்திலேயே மூன்று ஊசி. மற்ற இடங்களில் வழக்கமான பன்னிரண்டு. குறி வைத்த மூன்றில் இரண்டில் புற்று இருந்தது. 3+4, நான்காம் வடிவம் பத்து சதவீதம்தான். பன்னிரண்டில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் 3+3. சுரப்பியின் கொள்ளளவு 64 மில்லிலிட்டர் என்று எம்.ஆர்.ஐ. சொல்லியிருந்தது, 8.7ஐ அதனால் வகுத்தால் 0.14. பெரிய சுரப்பி, அதனால் பி.எஸ்.ஏ.யில் ஒரு பங்கு வீக்கத்தின் கணக்கு. அந்த எண் 0.15க்குக் கீழே இருப்பது ஆறுதல் என்றார் மருத்துவர்.

அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு மூன்றையும் எங்கள் முன்னால் வைத்தார். இங்கிலாந்தில் 1,643 ஆண்களை இந்த மூன்று வழிகளில் பிரித்து 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த புரோடெக்ட் ஆய்வைச் சொன்னார். எந்த வழியில் போனாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேர் அளவுதான். நோய் பரவுவது மட்டும் கண்காணிப்பில் ஏறக்குறைய இரு மடங்கு, 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தை ஒட்டி. அதையும் மறைக்காமல் சொன்னார். அந்த ஆய்வில் ஆட்களைச் சேர்த்த காலத்தில் இப்படி எம்.ஆர்.ஐ. பார்த்துப் பிரிக்கும் வழக்கம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா என் கணவரைப் பார்த்தார், அப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "நீ சொல்லு தாயி" என்றார்.

நான் கண்காணிப்போம் என்றேன். பெரியப்பா கண்ணுக்குள் நிற்கத்தான் செய்தார். ஆனால் அந்த இரவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த மிளகளவு கறுப்பையும் பத்து சதவீதம் என்ற எண்ணையும்தான். வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் ராத்திரி எழுவது இரண்டு தடவையாகக் குறைந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., வருடத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., எண் ஏறினாலோ திட்டு வளர்ந்தாலோ மறுபடி ஊசி என்று முடிவானது.

இந்தத் தை மாதம், காப்பிப் பழம் எடுத்து முடித்த கையோடு, இரண்டாவது எம்.ஆர்.ஐ.க்கு இறங்கினோம். டம்டம் பாறையில் மட்டும் நின்றோம். இந்தத் தடவை அப்பா அருவியைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார். திட்டு அதே 11 மில்லிமீட்டர். பி.எஸ்.ஏ. 8.9. ஸ்கேன் அறை வாசலில் அந்தப் பையன் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டான். அப்பா சட்டையைத் தூக்கிச் சிவப்புக் கயிற்றைக் காட்டினார். கொடி ஒரு வருடமாக அம்மாவின் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்துக் கட்டிவிடட்டுமா என்று அம்மா பொங்கலன்றும் கேட்டார். "இருக்கட்டும், அடுத்த வருசமும் கழட்டணும்ல" என்று சொல்லிவிட்டுக் களத்தில் காயும் காப்பியைக் கிளறப் போய்விட்டார்.